இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட்டின் ரசிகர்களுக்கு, அதன் உரிமையாளர்களான கிளேசர் குடும்பத்தின் மேல் ஏன் இத்தனை கோபம்?

தோல்விகள் மட்டும் காரணமில்லை. கோபம் தொடங்கிய 2005-இல் அணி நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அமெரிக்கத் தொழிலதிபர் மால்கம் கிளேசர் கிளப்பைச் சுமார் 79 கோடி பவுண்டுக்கு வாங்கினார். அதில் பெரும்பகுதி கடன். இப்படி வாங்குவதற்கு 'லெவரேஜ்டு பைஅவுட்' என்று பெயர்: வாங்கப்போகும் நிறுவனத்தையே ஈடாகக் காட்டிக் கடன் எடுப்பது.

நன்றாக ஓடும் ஓட்டல் ஒன்றை, அதே ஓட்டலை அடகு வைத்து ஒருவர் வாங்குகிறார்; வட்டியை அதன் கல்லாவிலிருந்தே கட்டுகிறார். சட்டப்படி சரிதான். ஆனால் தினமும் அங்கே சாப்பிடுகிறவருக்கு எரிச்சல் வருமா, வராதா?

அதுவரை கடனே இல்லாத கிளப், அப்புறம் வருடாவருடம் வட்டி கட்டியது. 2012-இல் நியூயார்க் பங்குச்சந்தைக்குப் போனபின் உரிமையாளர்களுக்கு ஈவுத்தொகையும் போனது. கிளப்பின் சொந்த மைதானமான ஓல்ட் டிராஃபோர்டோ பழசாகிக்கொண்டே வந்தது. வெறுத்துப்போன சில ரசிகர்கள் 2005-லேயே எஃப்சி யுனைடெட் ஆஃப் மான்செஸ்டர் என்ற தனி கிளப்பைத் தொடங்கிவிட்டார்கள். 2021 மே மாதம் ரசிகர்கள் மைதானத்துக்குள் புகுந்ததில் லிவர்பூலுடனான ஆட்டமே தள்ளிப்போனது. 2024-இல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கிளப்பில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வாங்கி, ஆட்டம் சார்ந்த நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். பெரும்பான்மை வாக்குரிமை இன்னும் கிளேசர்களிடம்தான்.

'வீரர்களை வாங்கக் காசே செலவழிக்கவில்லை' என்று பலர் சொல்வது தவறு: கிளப் கோடிக்கணக்கில் செலவழித்தது, ஆனால் அது கிளப் சம்பாதித்ததும் கடன் வாங்கியதும்தான், கிளேசர்களின் சொந்தப் பணமல்ல.