சென்சார் போய்க் கேமரா வந்த கதை: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, 2023 தொடக்கத்தில் டெஸ்லா மாடல் ஒய் கார் எடுத்தேன். பம்பரில் வட்டமாகப் பதிந்திருக்கும் பார்க்கிங் சென்சார் ஒன்றுகூட இல்லையே?

பதில்: டெஸ்லா 2022 அக்டோபரிலிருந்து மாடல் 3, மாடல் ஒய் இரண்டிலும் 12 சென்சாரையும் எடுக்க ஆரம்பித்தது. எடுத்தது சரி, மாற்று தயாராவதற்கு முன்பே எடுத்ததுதான் எனக்குக் கோபம். கேமராவை வைத்துத் தூரம் காட்டும் வசதி 2023 மார்ச்சில்தான் வந்தது. சென்சார் செய்வது வௌவால் வேலை. ஒலியை அனுப்பி, எதிரொலி வர எத்தனை நேரம் ஆகிறது என்று பார்த்துத் தூரம் சொல்லும், இருட்டானாலும் கவலையில்லை. கேமராவோ படத்தைப் பார்த்துக் கணிக்கிறது. உங்கள் வண்டியின் முன்கேமரா மேலே முன்பக்கக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது, பம்பருக்குக் கீழே கிடக்கும் கல் அதற்குத் தெரியாது, வரும்போது பார்த்ததை நினைவில் வைத்துத்தான் சொல்லும். நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் யாராவது அங்கே ஒரு பூந்தொட்டியை வைத்துவிட்டால்? வண்டியை எடுக்குமுன் ஒருமுறை முன்னால் போய்ப் பாருங்கள்.

கேள்வி: மழையில் கேமரா வேலை செய்யுமா சார்?

பதில்: லென்ஸில் நீர்த்துளி நின்றால் படம் கலங்கும். ஈரத்துணியால் துடையுங்கள், காய்ந்த துணி வேண்டாம், மணல் கீறிவிடும்.

கேள்வி: ஆடி இ-ட்ரான் மின்காரில் பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமராவாமே, எனக்கு 54 வயது, பழகிவிடுமா?

பதில்: வெள்ளெழுத்து, அதாவது கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவது, இருக்கிறதா? அதுதான் விஷயம். கண்ணாடியில் தெரியும் லாரியின் பிம்பம் கண்ணாடிக்கும் பின்னால் தள்ளித்தான் இருக்கும், கண் அவ்வளவு சிரமப்படாது. கேமராப் படத்தைக் காட்டும் திரையோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, சாலையிலிருந்து திரைக்கு வரும்போதெல்லாம் கண் மறுபடி ஃபோகஸ் செய்ய வேண்டும். கண்ணாடியில் தலையைக் கொஞ்சம் முன்னே நீட்டினால் மறைந்திருந்த பைக் தெரியும், திரையில் எவ்வளவு எட்டினாலும் அதே படம்தான். அதிலும் ஆடி திரையைக் கதவில் தாழ்வாக வைத்தது. ஹோண்டா இ காரில் டேஷ்போர்டின் இரு முனையிலும் இருக்கிறது, அது எவ்வளவோ மேல்.

கேள்வி: காற்றுத் தடை குறையுமே, அதைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

பதில்: இ-ட்ரானின் காற்றுத் தடையைச் சொல்லும் எண் 0.28 இருந்தது 0.27 ஆகும். மறுக்கவில்லை தம்பி, ஆனால் அவர் கேட்டது கண்ணைப் பற்றி.

கேள்வி: அந்த 0.01-தான் நெடுஞ்சாலையில் ரேஞ்ச், ஒரு சார்ஜில் ஓடும் தூரம்...

பதில்: சரி, டயரில் காற்று குறைவாக வைத்து ஓட்டினால் அந்த லாபம் போயே போச்சு. முதலில் அதைச் சரிபாருங்கள்.

கேள்வி: மழையில் கேமரா தெரியுமா?

பதில்: ஈரத்துணி. மேலே போய்ப் படியுங்கள்.