பக்கத்து வீட்டுப் பெண் ஹைஸ்கூல் முடிக்கிறாள், என்ன கொடுப்பது?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களைப் போலப் புதிதாக வந்தவர்கள் பலருக்கும் இதே சந்தேகம் வரும். மிச்சிகன் வந்து இதுதான் உங்களுக்கு முதல் கோடை. பக்கத்து வீட்டு அமெரிக்கக் குடும்பம் தபாலில் ஒரு கார்டு அனுப்பியிருக்கிறது. மகள் தொப்பியும் கவுனும் போட்டுச் சிரிக்கும் படம்; ஜூன் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, 2 மணி முதல் 5 மணி வரை ஓப்பன் ஹவுஸ், அதாவது அந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்துபோகும் விருந்து. முதல் பனி கொட்டியபோது மண்வாரியோடு வந்து உங்கள் டிரைவ்வேயைச் சுத்தம் செய்ய உதவிய பெண். போகலாமா, எவ்வளவு கொடுப்பது, ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிக் குங்குமச்சிமிழ் சரிப்படுமா, பரிசுக்கு வரி உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் ஒரு தமிழ் நண்பரின் மகனுக்கும் இதே விசேஷம்.

கட்டாயம் போங்கள். நல்ல கார்டு ஒன்று வாங்கி, அதற்குள் 30 டாலர் வைத்து, நாலு வரி கையால் எழுதி, கவரின் மேல் அந்தப் பெண்ணின் பெயரைப் போட்டுக் கொடுங்கள். அது போதும்.

கவரின் மேல் பெண்ணின் பெயர் என்று சொன்னதைத்தான் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் ஊரில் விசேஷ வீட்டில் வைக்கும் மொய் அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். நோட்டில் பெயர், ஊர், தொகை எல்லாம் ஏறும். நாளைக்கு நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். இங்கே அப்படி ஒரு நோட்டு கிடையாது. நீங்கள் கொடுப்பது அந்தப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு மட்டும். பணம் பிள்ளையின் கணக்கில் போகும், நன்றிக் கடிதமும் பிள்ளைதான் எழுதும். அப்பா அம்மாவிடம் கவரை நீட்டினால், ‘அங்கே பெட்டியில் போடுங்கள்’ என்று கையைக் காட்டுவார்கள். அதனால் இவர்கள் நமக்கு என்ன செய்தார்கள், குறைத்து வைத்தால் என்ன நினைப்பார்கள் என்ற கணக்கெல்லாம் வேண்டாம். அந்தப் பிள்ளை இனி எங்கே போகப் போகிறது, அங்கே எது உதவும் என்று மட்டும் யோசித்தால், பாதிக் குழப்பம் தானாகத் தீர்ந்துவிடும்.

வரும் கார்டுகளில் இரண்டு வகை உண்டு. உங்களுக்கு வந்திருப்பதுபோல நாள், நேரம், முகவரி இருந்தால் அது அழைப்பு. ‘இந்த வருடம் இவள் பள்ளி முடிக்கிறாள்’ என்பதோடு நின்றால் அது வெறும் அறிவிப்பு. அறிவிப்புக்குப் பரிசு கட்டாயம் இல்லை. வாழ்த்து எழுதி ஒரு கார்டு அனுப்பினால் மரியாதை. பட்டமளிப்பு விழாவுக்கு உங்களைக் கூப்பிடவில்லையே என்று மனத்தாங்கல் வேண்டாம். பல பள்ளிகளில் ஒரு மாணவருக்கு இத்தனை டிக்கெட் என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். அது தாத்தா பாட்டிக்கே சரியாக இருக்கும்.

தொகைக்கு எழுதிய சட்டம் எதுவும் இல்லை. நான் பார்த்தவரை, கூட வேலை செய்பவரின் பிள்ளை, நமக்கு முகப்பழக்கம் மட்டும் என்றால் 20, 25 டாலர். நன்றாகப் பழகிய பக்கத்து வீடு என்றால் 30 முதல் 50. நெருங்கிய நண்பரின் பிள்ளைக்கு 50 முதல் 100. சொந்த அக்கா பிள்ளைக்கு உங்கள் மனம்போல. ஒற்றைப்படையாக இருக்கட்டும் என்று வீட்டில் சொன்னால் 31 ஆகவே வையுங்கள், அதில் ஒன்றும் இல்லை. அந்தப் பெண் அந்த ஒரு டாலரைப் பார்த்துக் கொஞ்சம் யோசிப்பாள், அவ்வளவுதான். வரியைப் பற்றிக் கேட்டீர்களே, 2025-ஆம் ஆண்டுக்கு ஒருவர் இன்னொருவருக்கு 19,000 டாலர் வரை கொடுப்பதை வரித்துறைக்குச் சொல்லவே தேவையில்லை. உங்கள் 31 டாலரை அரசாங்கம் கண்டுகொள்ளாது.

நேரில் போவதால் ரொக்கமே வைக்கலாம். தபாலில் அனுப்புவதாக இருந்தால் மட்டும் ரொக்கம் வேண்டாம், செக் எழுதுங்கள். செக்கில் பிள்ளையின் முழுப் பெயர் இருக்க வேண்டும். வீட்டில் கேட்டி என்று கூப்பிடும் பெண், வங்கியில் கேத்தரினாக இருப்பாள். இன்னொன்று, இந்தப் பிள்ளைகள் செக்கை உடனே வங்கியில் போடமாட்டார்கள். கோடை முழுக்க டிராயரில் கிடக்கும். காலேஜ் கிளம்புகிற வாரம் எல்லாவற்றையும் சேர்த்துப் போனிலேயே படம் எடுத்துப் போடுவார்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழசான செக்கை வங்கி ஏற்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, ஆனால் அதுவரை அந்தத் தொகை உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

கிஃப்ட் கார்டும் வாங்கலாம். விசா, மாஸ்டர்கார்டு முத்திரையோடு வருவதை எடுத்தால் கார்டுத் தொகைக்கு மேலே கடையில் நாலைந்து டாலர் கட்டணம் வாங்குவார்கள். ஒரு கடைக்கு மட்டுமான கார்டில் பெரும்பாலும் அது இல்லை. கார்டில் போட்ட பணம் ஐந்து வருடத்துக்குள் காலாவதி ஆகக்கூடாது என்று 2010 முதல் மத்திய அரசின் சட்டம் இருக்கிறது, அந்தக் கவலை வேண்டாம். ஆனாலும் நான் ரொக்கத்தின் பக்கம்தான். பதினெட்டு வயதில் எந்தக் கடைக்குப் போவது என்று பிறர் தீர்மானிப்பது யாருக்குப் பிடிக்கும்?

கார்டில் ஏற்கெனவே அச்சடித்த வாழ்த்து இருக்கிறதே என்று அதன் கீழே கையெழுத்து மட்டும் போட்டுவிடாதீர்கள். பெரும்பாலானவர்கள் செய்வது அதுதான். அந்தப் பெண் நாற்பது ஐம்பது கார்டைப் பிரிப்பாள். எல்லாவற்றிலும் அதே கனவு, அதே சிறகு, அதே வானம். நீங்கள் அந்தப் பனி நாளை எழுதுங்கள். ‘நாங்கள் பனியையே பார்த்ததில்லை. உப்பு எங்கே தூவ வேண்டும், முதுகு பிடிக்காமல் எப்படி வாருவது என்று நீதான் காட்டினாய். போகிற இடத்திலும் இப்படித்தான் இருப்பாய் என்று தெரியும்.’ இந்த மாதிரி மூன்று வரி. ஆங்கில இலக்கணம் முன்னேபின்னே இருந்தால் யாரும் திருத்தப் போவதில்லை.

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் என்றால், முதலில் பிள்ளை என்ன செய்யப் போகிறது என்று விசாரியுங்கள். எல்லோரும் நாலு வருடக் கல்லூரிக்குப் போவதில்லை. வீட்டிலிருந்தபடியே கம்யூனிட்டி காலேஜ் என்ற உள்ளூர் இரண்டு வருடக் கல்லூரிக்குப் போகிறவர்கள் உண்டு, ராணுவத்தில் சேர்பவர்கள் உண்டு, எலக்ட்ரீஷியன் வேலைக்குப் பயிற்சியில் சேர்பவர்கள் உண்டு. ‘எந்தக் காலேஜ் கிடைத்தது?’ என்று நம் ஊர்ப் பாணியில் கேட்காமல், ‘அடுத்து என்ன பிளான்?’ என்று கேளுங்கள். மதிப்பெண்ணும், கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதும் எஸ்ஏடி தேர்வின் ஸ்கோரும் பேச்சில் வரவே வேண்டாம். காலேஜ் பெயர் போட்ட ஸ்வெட்ஷர்ட் நல்ல பரிசுதான், ஆனால் சேரும் இடம் உறுதியாகத் தெரிந்த பிறகு வாங்குங்கள். இந்த மாநிலத்தில் அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது. ஆன் ஆர்பரில் இருக்கும் மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்கு மஞ்சளும் நீலமும், அதன் போட்டியான ஈஸ்ட் லான்சிங்கின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பச்சையும் வெள்ளையும். மாற்றிக் கொடுத்தால் அந்த வீட்டில் வருடக்கணக்கில் உங்களை வைத்துச் சிரிப்பார்கள்.

ஹாஸ்டலில், இங்கே டார்ம் என்பார்கள், தங்கப் போகிற பிள்ளைக்கு நிறையச் சாமான் தேவைப்படும். படுக்கை விரிப்பு வாங்குகிறீர்கள் என்றால் அளவைப் பாருங்கள். பல டார்ம்களில் இருப்பது ட்வின் எக்ஸ்எல் என்ற ஒற்றை ஆள் மெத்தை, 38 அங்குல அகலம், 80 அங்குல நீளம். வீடுகளில் இருக்கும் சாதாரண ட்வின் 75 அங்குலம்தான். சாதாரண அளவில் விரிப்பு வாங்கிக் கொடுத்தால், ஒரு மூலையை மாட்டும்போது மறு மூலை கழன்றுகொண்டே இருக்கும். நல்ல கனமான இரண்டு டவல், அழுக்குத் துணியைப் போட்டுத் தோளில் மாட்டிக்கொள்ளும் பை, ஸ்க்ரூ டிரைவரும் அளவு டேப்பும் உள்ள சின்ன டூல் பெட்டி, இவையெல்லாம் உடனே பயன்படும். வாசனை மெழுகுவர்த்தி வேண்டாம். பல டார்ம்களில் மெழுகுவர்த்திக்கே தடை. விருந்துக்குப் போகிறோமே என்று ஒயின் பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். இங்கே குடிக்கச் சட்டப்படியான வயது 21.

வெள்ளிச்சிமிழ் தப்பே இல்லை. ஆனால் அவள் எடுத்துக்கொண்டு போகப்போவது பாதி அறை, அதுவும் இன்னொருத்தியோடு. அதனால் சிமிழை மட்டும் தனியாகக் கொடுக்காமல் கார்டோடு சேர்த்துக் கொடுங்கள். அது என்ன, உங்கள் வீட்டில் எதற்கு வைத்துக்கொள்வீர்கள் என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். கம்மல் போட்டு வைக்க அவளுக்கு நன்றாகவே ஆகும்.

அப்புறம் அந்தத் தமிழ் நண்பர் வீட்டு விசேஷம். அங்கே கணக்கு வேறு. மொய்ப் பழக்கம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். 101 டாலர் சாதாரணம், நெருங்கியவர்கள் தங்கக் காசுவரை போவார்கள். நீங்கள் இப்போதுதான் குடித்தனம் வைத்திருக்கிறீர்கள், அந்தப் போட்டியில் இறங்க வேண்டாம். நாலு குடும்பம் சேர்ந்து ஒரே பொருளாக, நல்ல பயணப் பெட்டியோ ஹெட்ஃபோனோ வாங்குவது இங்கே சகஜம். லேப்டாப் மட்டும் வேண்டாம். என்ன மாதிரி வேண்டும் என்று காலேஜில் பல துறைகள் பிறகுதான் சொல்லும். பிள்ளையின் பெயரில் 529 கணக்கு இருந்தால் அதில் போடலாமா என்று பெற்றோரிடமே கேட்கலாம். படிப்புச் செலவுக்கென்று வரிச்சலுகையோடு சேர்க்கும் கணக்கு அது. ஆனால் அது பிள்ளையின் கைக்கு வருகிற பணம் இல்லை. அதனால் கூடவே ஒரு சின்னத் தொகையாவது கவரில் வையுங்கள். ஒரு பீட்சாவுக்கு ஆகட்டும்.

பக்கத்து வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். 2 முதல் 5 என்றால் மூன்று மணி நேரமும் உட்கார வேண்டும் என்று இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம், முக்கால் மணி நேரம் இருந்தால் தாராளம். கராஜிலோ பின்கட்டில் போட்ட கூடாரத்திலோ நடக்கும். நுழைந்ததும் மழலைப் பள்ளியிலிருந்து இதுவரை எடுத்த படங்களைப் பலகையில் ஒட்டி வைத்திருப்பார்கள்; நின்று பாருங்கள், பெற்றோருக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். பக்கத்திலேயே கார்டு போடும் பெட்டி இருக்கும். யாரும் அங்கேயே பிரித்துப் பார்க்கமாட்டார்கள். நாம் வைத்தது என்ன ஆயிற்று என்று காத்திருக்காதீர்கள். அந்தப் பெண் உங்களோடு இரண்டு நிமிஷம் பேசிவிட்டு ஓடிவிட்டால் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அன்றைக்கே இன்னும் இரண்டு மூன்று வீட்டுப் பார்ட்டிக்கு அவள் போக வேண்டியிருக்கும். உங்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகலாம், கார்டின் மேல் ‘குடும்பத்தினர்’ என்று இருந்தால் யோசிக்கவே வேண்டாம். நீங்கள் சைவம் என்றால் மட்டும் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சில வாரம் கழித்து அவள் கைப்பட எழுதிய நன்றிக் கார்டு ஒன்று வரும். சில பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். வந்தால், பதிலுக்கு இன்னொரு கார்டு அனுப்ப வேண்டியதில்லை. வேலியோரம் பார்க்கும்போது கார்டு வந்தது என்று சொன்னால் போதும்.