ஆறும் ஐந்தும் பதினொன்று

வணக்கம். கடலூர் சிப்காட்டில் என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒரு திருநங்கை. முன்பு வேறொரு கம்பெனியில் ஆண் பெயரில் ஆறு வருடம் இருந்திருக்கிறார். தோற்றம் மாறத் தொடங்கியதும் அங்கே இருக்க விடவில்லை. இங்கே ஐந்து வருடமாகப் புதுப் பெயர், புது பி.எஃப். எண். பழைய கணக்கைச் சேர்க்கப் போனால் 'ஆள் வேறு' என்கிறார்கள். 'உனக்கு யாரு இருக்கா, எதுக்குப் பென்ஷன்?' என்று கம்பெனி அலுவலகத்திலேயே ஒருவர் கேட்டார். சட்டத்தில் வழி உண்டா?
– பெயர் வேண்டாம், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

அப்படிக் கேட்டவர் மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. அது அக்கா உழைத்த பணம். முதலாளி கட்டும் பங்கிலிருந்து, 15,000 ரூபாய் வரையிலான சம்பளத்துக்கு 8.33 சதவீதம் மாதாமாதம் பென்ஷன் நிதிக்குப் போகிறது.

பத்து வருடப் பணி இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். அக்காவுக்குப் பதினொன்று இருக்கிறது. ஆனால் ஏட்டில் ஆறு வருடம் வேலை செய்த ஓர் ஆணும் ஐந்து வருடம் வேலை செய்த ஒரு பெண்ணும்தான் இருக்கிறார்கள். இரண்டு பேருக்குமே பென்ஷன் வராது. திருநங்கைக்குக் கிடையாது என்று எந்த விதியும் சொல்லாமலே அவர் உரிமை போய்விடுகிறது. இந்தப் பாகுபாட்டில் என்னை மிகவும் வதைப்பது இதுதான்.

வழி உண்டு, பழைய பென்ஷன் தொகையை அவர் எடுத்துவிடாமல் இருந்தால். உச்ச நீதிமன்றத்தின் 2014 நால்சா தீர்ப்பு அவர் பாலினத்தை அவரே சொல்லும் உரிமையைத் தந்தது. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் வேலையில் பாகுபாட்டைத் தடுக்கிறது. மாவட்ட ஆட்சியர் தரும் அடையாளச் சான்றை வைத்து முதலில் ஆதாரை மாற்றட்டும். அப்புறம் பி.எஃப். கணக்கில் பெயர், பாலினத் திருத்தம், கடைசியாகக் கணக்கு இணைப்பு. 2017 அக்டோபருக்கு முந்தைய எண் என்றால் திருத்தத்துக்கு முதலாளியின் ஒப்புதலும் வேண்டும். துரத்தியவரிடமே போய்க் கையெழுத்துக்கு நிற்கச் சொல்வது கொடுமை. தனியாக அனுப்பாதீர்கள், நீங்களும் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவரும் கூடப் போங்கள். மறுத்தால் பி.எஃப். அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள்.

'யாரு இருக்கா' என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். திருநங்கைகள் தங்களுக்குள் குடும்பமாகச் சேர்ந்து வாழும் குழுவான ஜமாத்தில், அவரை மகளாக ஏற்றுக்கொண்ட அம்மா இருப்பார். பி.எஃப். விதியில் குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர் என்றுதான் போகிறது. இந்த அம்மாவுக்கு அதில் இடமில்லை. சட்டம் மாற வேண்டிய இடம் இது. ஆனாலும் திருமணமோ பிள்ளைகளோ இல்லாமல், பெற்ற தாய் தகப்பனும் அவரைச் சார்ந்து இல்லை என்றால், அவர் விரும்பும் யாரையும் நாமினியாகப் போடலாம். போடாமல் விட்டால், வீட்டை விட்டு விரட்டியவர்களே பணத்துக்கு உரிமை கோரி வந்து நிற்கலாம்.

கணக்கு இணைப்புக்கு மாதங்கள் ஆகலாம். அதுவரை காத்திருக்க வேண்டாம். புதுக் கணக்கில் நாமினேஷனை இந்த வாரமே போடச் சொல்லுங்கள்.