இறங்கவிருந்த விமானம் மீண்டும் மேலேறினால் அஞ்ச வேண்டுமா?

கேள்வி: நான் காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்தவன். துபாயிலிருந்து பெங்களூரு வந்தபோது, ஓடுதள விளக்குகள் தெரிந்த பிறகு விமானம் பேரிரைச்சலுடன் மேலேறி, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மழையில் இறங்கியது. இது விமானியின் தவறா? அடுத்த மாதம் குடும்பத்துடன் கோழிக்கோட்டுக்குப் பறக்க இருப்பதால் கேட்கிறேன்.

பதில்: தவறன்று. விமானத் துறையில் 'கோ-அரவுண்ட்' எனப்படும் இந்த நடைமுறைக்கு ஒவ்வொரு விமானியும் பயிற்சி பெற்றிருக்கிறார். திரும்பச் சுற்றி வருவதற்கும் வேறு விமான நிலையத்துக்குச் செல்வதற்கும் வேண்டிய எரிபொருளும் முன்கூட்டியே கணக்கிட்டு நிரப்பப்படுகிறது.

நீங்கள் செல்லவிருக்கும் கோழிக்கோட்டிலேயே, 2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் விபத்துக்குள்ளாகி, இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தனர். கொட்டும் மழையில், முதல் முயற்சியின்போது தலைமை விமானியின் பக்கத்துக் கண்ணாடி வைப்பர் நின்றுபோனது. அவர் இறங்காமல் மேலேறினார், அது சரியான முடிவு. இரண்டாம் முறை எதிர்த்திசையிலிருந்து வந்தபோது காற்று பின்னாலிருந்து தள்ள, சுமார் 2,700 மீட்டர் ஓடுதளத்தில் ஏறத்தாழ 1,350 மீட்டரைக் கடந்த பிறகே சக்கரங்கள் தரையைத் தொட்டன. மேலேறும்படி துணை விமானி கூறியும் தரையிறக்கம் தொடர்ந்தது. ஈரத் தரையில் எஞ்சிய பாதி ஓடுதளம் போதாமல், முனையைத் தாண்டிய விமானம் சரிவில் விழுந்து உடைந்தது.

குன்றின் மேல் அமைந்த ஓடுதளத்தின் மீது பழி போடுவது எளிது. ஆனால் புலனாய்வு அறிக்கை, நிலைப்படாத, அதாவது வேகமும் இறங்கும் வீதமும் சீராகாத இறக்கத்தைக் கைவிடாமல் தொடர்ந்ததையே முதன்மைக் காரணமாகக் கண்டது. 2010-இல் 158 பேர் இறந்த மங்களூரு விபத்திலும், மேலேறும்படி துணை விமானி மும்முறை கூறியிருந்தார்.

தொப்பூர் கணவாயில் லாரி ஓட்டியவருக்கு இது நன்றாகவே புரியும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைக்காதவருக்குப் பாதி வழியில் பிரேக் கைகொடுக்காது. விமானத்திலும் வேகம், உயரம், இறங்கும் வீதம் ஆகியவை மேகமூட்டத்தில் பொதுவாக 1,000 அடி உயரத்துக்கு இறங்குவதற்குள் சீராகிவிட வேண்டும். சீராகாவிட்டால் மேலேறிவிட வேண்டும். மேலும், தரையில் ஓடும் வேகம் சிறிது கூடினாலும் நிற்பதற்குத் தேவையான தூரம் அதைவிட அதிக விகிதத்தில் கூடும் என்பதால்தான் பின்காற்றில் இறங்குவதற்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். பெங்களூரு ஓடுதளங்கள் 4,000 மீட்டர் நீளமுள்ளவை; அங்கேயே உங்கள் விமானி இறங்காமல் மேலேறியிருக்கிறார் என்றால், அவர் விதிப்படி நடப்பவர் என்றே நான் கொள்வேன்.

ஆகவே கோழிக்கோட்டுப் பயணத்தை நீங்கள் கைவிட வேண்டியதில்லை. விமானம் முழுமையாக நிற்கும் வரை இருக்கைப் பட்டையை இடுப்பெலும்போடு ஒட்டி இறுக்கமாக அணிந்திருங்கள். அவசரமாக வெளியேற நேர்ந்தால் பைகளை எடுக்காமல் குழந்தைகளை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்குங்கள். பாதி வாயில்களின் வழியே 90 விநாடிகளில் அனைவரும் வெளியேற முடியும் என்று காட்டிய பிறகே பயணிகள் விமானத்துக்குச் சான்று வழங்கப்படுகிறது, அந்தச் சோதனையில் எவரும் மேலடுக்கிலிருந்து பெட்டியை இறக்கிக்கொண்டிருப்பதில்லை.