மினிமம் டியூ ஒழுங்கா கட்டியும் கடன் ஏன் குறையல?

கேள்வி: ஒரு வருஷமா கிரெடிட் கார்டு பில்லுக்கு மினிமம் டியூவை (பில்லுல குறைஞ்சது இவ்ளோ கட்டணும்னு போட்டிருக்கிற தொகை) ஒரு மாசம்கூட தவறாம கட்டுறேன், லேட் ஃபீ விழுந்ததே இல்ல, புதுசா எதுவும் வாங்கவும் இல்ல, ஆனாலும் பாக்கி அப்படியே நிக்குற மாதிரி இருக்கு. கணக்குல ஏதாவது கோளாறா?

பதில்: கோளாறே இல்லைங்க, கணக்கு சரியாத்தான் ஓடுது, வயித்தெரிச்சலே அதுதான். மினிமம் டியூ கட்டினா லேட் ஃபீ வராது, தவணை தவறினவர்னு பேரும் வராது, அவ்ளோதான் அதோட வேலை. வட்டி பாட்டுக்கு ஓடிட்டேதான் இருக்கும்.

ஒரு உதாரணத்துக்கு பாக்கி 1,00,000, மாச வட்டி 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம்னு வெச்சுக்கோங்க (உங்க ஸ்டேட்மென்ட்ல வேற மாதிரி இருக்கலாம், எடுத்து பாருங்க). வட்டி 3,000 சேர்ந்து பில் 1,03,000 ஆகுது, மினிமம் 5,150 கேப்பாங்க, நீங்க கட்டுறீங்க, அதுல 3,000 வட்டிக்கே போயிடுது, அசல்ல குறைஞ்சது வெறும் 2,150. இப்படியே 12 மாசம் கட்டினா மொத்தம் 55,000 கிட்ட கட்டியிருப்பீங்க, பாக்கி இன்னும் 77,000 நிக்கும்.

இதைவிட மோசமான விஷயம் ஒண்ணு இருக்கு, யாரும் கவனிக்கிறதில்ல. பாக்கி குறையக் குறைய மினிமமும் கூடவே குறையும். 5,150ல ஆரம்பிச்சது 12வது மாசம் 4,050 பக்கம் வந்திருக்கும், நாமளும் அப்பாடா இந்த மாசம் கம்மின்னு சந்தோஷமா அதையே கட்டுவோம். கடன் இழுத்துக்கிட்டே போறது அங்கதான். அதே ஆளு மினிமம் எவ்ளோ குறைஞ்சாலும் முதல் மாசம் கட்டின அந்த 5,150ஐ விடாம கட்டியிருந்தா 30 மாசத்துல மொத்தமா முடிஞ்சிருக்கும், மினிமத்தை பின்னாடியே துரத்திட்டு போனா அதே 30வது மாசம் 52,000 பாக்கி இருக்கும்.

அதனால இந்த மாச பில்லுல மினிமம் என்னன்னு பாத்து எழுதி வைங்க, இனிமே அதுக்கு கீழ இறங்காதீங்க, முடிஞ்சா கொஞ்சம் ஏத்திக்கோங்க. ஆட்டோ பே போட்டிருந்தா அது மினிமம் டியூன்னுதான் செட் ஆகியிருக்கான்னும் பாருங்க, ரொம்ப பேருக்கு அப்படித்தான் இருக்கும். கையில திடீர்னு காசு வந்தா டியூ டேட் வரைக்கும் காத்திருக்காம அன்னைக்கே போட்டுடுங்க, வட்டி நாள் கணக்குலதான் ஏறுது.

கேள்வி: வாங்கின பொருளுக்கு டியூ டேட் வரைக்கும் வட்டி இல்லன்னு சொன்னாங்களே, போன வாரம் வாங்கினதுக்கு வட்டி போட்டிருக்காங்க?

பதில்: போன பில்லை முழுசா கட்டியிருந்தாத்தான் பொதுவா அந்த சலுகை. பாக்கி வெச்சிருந்தா புது ஸ்வைப்புக்கும் வாங்கின நாள்ல இருந்தே வட்டி ஓடும். கடன் அடையுற வரைக்கும் அந்த கார்டை தொடாதீங்க. இன்னொண்ணு, மொத்தமா அடைச்ச அடுத்த மாசமும் சின்னதா ஒரு வட்டி வரலாம், பில் போட்ட தேதிக்கும் நீங்க கட்டின தேதிக்கும் நடுவுல ஓடினது அது, திகைச்சுடாம அதையும் கட்டிடுங்க.

கேள்வி: ரெண்டு கார்டு இருக்கு. ஒண்ணுல கேஷ் எடுத்து இன்னொண்ணுக்கு கட்டலாமா? இல்ல பர்சனல் லோன் போடவா?

பதில்: கேஷ் மட்டும் எடுத்துடாதீங்க, எடுத்த நாள்ல இருந்தே வட்டி, அதுக்கு மேல தனியா ஃபீ வேற. ரெண்டுல எதுக்கு வட்டி அதிகமோ அதுக்கு முழு பலத்தையும் போடுங்க, மத்ததுக்கு மினிமம் போதும். பர்சனல் லோன் வட்டி கார்டைவிட நல்லா குறைவா இருந்தா, பிராசஸிங் ஃபீயையும் சேத்து கணக்கு பாத்துட்டு தாராளமா போடலாம். ஆனா நான் ஒரு தடவை அப்படி லோன் போட்டு கார்டு கடனை அடைச்சுட்டு, லிமிட் ஃபுல்லா கையில இருக்கேன்னு ஆறே மாசத்துல திரும்ப தேச்சு, லோனும் கார்டும் சேந்தாப்ல கட்டினவன். லோன் பணம் வந்த அன்னைக்கே கார்டு லிமிட்டை குறைக்க சொல்லி எழுதிக் கொடுத்துடுங்க.