பிள்ளைக்குக் கிட்னியில் கல்: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

புதுச்சேரியில் குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை சிகிச்சை செய்கிறேன். கத்திரி வெயில் வந்தாலே கல் பற்றிய கேள்விகள் கூடிவிடும். இந்த முறை வந்தவற்றுக்கு இங்கேயே பதில் எழுதுகிறேன்.

பண்ருட்டியிலிருந்து ஒரு அப்பா: டாக்டர், மகளுக்கு 6 வயது. வலது கிட்னியில் 18 மில்லிமீட்டர் கல். முதுகில் ஓட்டை போட்டு எடுக்கணும் என்கிறார்கள். சின்னப் பிள்ளை தாங்குமா?

தாங்கும். ஓட்டை என்றதும் நெஞ்சு பதறத்தான் செய்யும், அதனால் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பிசிஎன்எல் என்கிற இந்த முறையை ஸ்வீடன் மருத்துவர்கள் 1976-இல் வெளியிட்டார்கள். பெரியவர்களுக்கு 8 முதல் 10 மில்லிமீட்டர் குழாய் போடுவது வழக்கம். அதையே குழந்தையின் கிட்னிக்குள் விட்டால் ரத்தப்போக்கு கூடும் என்பதால்தான் மினி முறை வந்தது. இதில் குழாய் 5, 6 மில்லிமீட்டர்தான், பென்சிலை விடச் சன்னம். முழு மயக்கம் கொடுத்தபிறகு சிறுநீர் வழியாக ஒரு மெல்லிய குழாயை மேலே ஏற்றி, மருந்து விட்டுக் கிட்னியின் அறைகளைப் பார்ப்போம், அப்புறம் பிள்ளையைக் குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேனோ எக்ஸ்ரேயோ பார்த்தபடி முதுகுப் பக்கத்திலிருந்து ஊசியைச் சரியான அறைக்குள் இறக்கி, அந்த வழியைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்துக் குழாயை வைப்போம். லேசர் கல்லைப் பொடிக்கும், உள்ளே ஓடும் உப்பு நீரோடு துணுக்குகள் வெளியே வந்து விழும். அந்த நீரை வெதுவெதுப்பாக்கித்தான் விடுவோம், ஏசியையும் குறைத்து வைப்போம், ஏனென்றால் சின்ன உடம்பு சட்டென்று குளிர்ந்துவிடும்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். ரத்தம் போகலாம், காய்ச்சல் வரலாம். அதற்காகத்தான் முன்பே யூரின் கல்ச்சர் பார்த்து, கிருமி இருந்தால் அதை முதலில் சரிசெய்கிறோம். மகளுக்குக் கல்ச்சர் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

அதே அப்பா: ஊசி அளவு துளையே போதும் என்று படித்தேனே?

அது மைக்ரோபெர்க். குஜராத்தின் நடியாத் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட முறை, ஊசியின் அகலம் சுமார் 1.6 மில்லிமீட்டர்தான். ஆனால் அவ்வளவு சின்ன வழியில் துணுக்குகளை எடுக்க முடியாது, பிள்ளை சிறுநீரோடுதான் கழிக்க வேண்டும். சின்னக் கல்லுக்குச் சரி. 18 மில்லிமீட்டருக்கு நான் மினியைத்தான் சொல்வேன். துளையின் அளவைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள், கல்லின் அளவையும் இடத்தையும் பாருங்கள்.

வில்லியனூரிலிருந்து ஒரு அம்மா: துளையே இல்லாமல் சிறுநீர் வழியாகவே லேசர் செய்யலாமே சார்?

செய்யலாம், பல பிள்ளைகளுக்குச் செய்கிறோம். சிக்கல் என்னவென்றால் சின்னப் பிள்ளைகளின் சிறுநீர்க்குழாய் குறுகல், சில சமயம் கருவி ஏறவே ஏறாது. அப்போது பலவந்தப்படுத்தக் கூடாது. உள்ளே டிஜே ஸ்டென்ட் என்கிற மெல்லிய தற்காலிகக் குழாயை வைத்துவிட்டு ஒன்றிரண்டு வாரம் கழித்து, சிறுநீர்க்குழாய் தளர்ந்தபிறகு வரச் சொல்வோம். ஆக, துளை இல்லை, ஆனால் மயக்க மருந்து இரண்டு மூன்று தடவை. வெளியிலிருந்து அதிர்வலை கொடுத்து உடைக்கும் முறையும் உண்டு, 1980-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் தொடங்கியது. உடைந்த துணுக்குகளைக் குழந்தைகள் நன்றாகவே கழித்துவிடுவார்கள். ஆனால் அசையாமல் படுக்க மாட்டார்களே, அதற்கும் மயக்கம் வேண்டும். சிஸ்டீன் என்கிற அமினோ அமிலம் சேர்ந்து உண்டான கல்லாக இருந்தால் எளிதில் உடையாது.

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்கு 4 மில்லிமீட்டர் கல் இறங்கி வருதாம். வாழைத்தண்டுச் சாறு கொடுக்கிறேன். போதுமா தம்பி?

4 மில்லிமீட்டர் பெரும்பாலும் தானே வந்துவிடும் அம்மா. வாழைத்தண்டைச் சமைத்துப் போடுங்கள், நல்லதுதான். ஆனால் அது கல்லைக் கரைக்காது, தண்ணீரும் வலி மருந்தும்தான் முக்கியம். வலியோடு காய்ச்சலும் வந்தாலோ, சிறுநீரே வராமல் போனாலோ சாறு கொடுத்துக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைபட்ட கிட்னியில் கிருமி சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து, அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். ஓடி விளையாடினால் சிறுநீர் லேசாகச் சிவக்கிறது.

ஸ்டென்ட் உரசுவதால் அப்படி ஆகும், தண்ணீர் குடித்தால் தெளிந்துவிடும். கட்டி கட்டியாக வந்தால் மட்டும் உடனே காட்டுங்கள். எனக்குப் பயம் வேறு. வலி போனதும் ஸ்டென்டை மறந்துவிடுகிற குடும்பங்கள் இருக்கின்றன. மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தால் அதன் மேலேயே கல் படிந்து, எடுப்பதற்கே பெரிய அறுவை தேவைப்படும். எடுக்க வேண்டிய தேதியை இன்றே காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து ஒரு அண்ணன்: தங்கைக்குக் கல் வந்ததிலிருந்து வீட்டில் பாலை நிறுத்திவிட்டோம். சரிதானே?

வேண்டாம் தம்பி, நிறுத்தாதீர்கள். சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகிற ஆக்சலேட் என்ற பொருளை, உணவில் இருக்கும் கால்சியம் குடலிலேயே பிடித்து வெளியே அனுப்பிவிடும். குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடும். உங்கள் பக்கம் முந்திரி வீட்டிலேயே கிடைக்கும், பிள்ளைகள் கை நிறைய அள்ளித் தின்பார்கள். அதில் ஆக்சலேட் அதிகம், அளவாகக் கொடுங்கள். உப்பு போடாத எலுமிச்சை ஜூஸ் நல்லது.

அப்புறம் தண்ணீர். பள்ளிக்குக் கொண்டுபோன பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பாருங்கள். கழிப்பறை நாற்றம் தாங்காமல் தண்ணீரே குடிக்காத பெண் பிள்ளைகளை நான் நிறையப் பார்க்கிறேன். பிள்ளையைத் திட்டிப் பயனில்லை, பள்ளியில் போய்ப் பேசுங்கள்.

விருத்தாசலத்திலிருந்து ஒரு அப்பா: செலவுக்கு வழி உண்டா?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்வதற்கு முன்பே ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். கோரிமேடு ஜிப்மரில் சிறுநீரகவியல், குழந்தைகள் அறுவை சிகிச்சை இரண்டு துறையும் இருக்கின்றன.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு அம்மா: கல்லை எடுத்துவிட்டோம். இனி ஒன்றும் இல்லையே? நாங்கள் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள்.

இதைச் சொன்னது நல்லதாயிற்று. குழந்தைக்குக் கல் வந்தால் பின்னால் ஒரு காரணம் இருக்கிறதா என்று தேடியே ஆகவேண்டும், இல்லையென்றால் மறுபடி வரும். சிஸ்டீன், ஆக்சலேட் சார்ந்த சில பரம்பரை நோய்கள் சொந்தத்தில் மணந்த குடும்பங்களில் கூடுதலாக வருகின்றன. எடுத்த கல்லைச் சின்ன டப்பாவில் கொடுத்திருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் பரிசோதனைக்குக் கொடுங்கள், எந்த வகைக் கல் என்று தெரிந்துவிடும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேர்த்து கால்சியம், ஆக்சலேட், சிட்ரேட், சிஸ்டீன் பார்க்கச் சொல்லுங்கள். கூடப் பிறந்தவர்களுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.