தரவரிசையில் பின்தங்கிய வீரர் விம்பிள்டன் ஆடவர் ஒற்றையரில் ஆட முடியுமா?

முடியும். மொத்தம் 128 இடங்கள். பெரும்பாலானவை உலகத் தரவரிசைப்படி நிரம்பிவிடும். 16 பேர் தகுதிச்சுற்றில் அடுத்தடுத்து மூன்று ஆட்டங்களை வென்று வருகிறார்கள். மிகக் கடினமான வழி இதுதான். கடைசி நேரத்தில் யாராவது விலகினால், தகுதிச்சுற்றின் இறுதிக் கட்டத்தில் தோற்றவருக்கும் அதிர்ஷ்டம் அடிக்கலாம்.

இன்னொன்று வைல்டு கார்டு, அதாவது போட்டியை நடத்துபவர்கள் தாமாக அளிக்கும் இடம். இதை வெறும் சலுகை என்று குறை சொல்வதை நான் ஏற்கமாட்டேன். 2001-இல் 125-ஆம் இடத்திலிருந்த குரோவேஷியாவின் கோரான் இவானிசெவிச் அப்படித்தான் உள்ளே வந்தார். ஏற்கெனவே அங்கே மூன்று இறுதிப் போட்டிகளில் தோற்றவர். அந்த ஆண்டு இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவின் பேட்ரிக் ராஃப்டருக்கு எதிரான ஐந்தாவது செட்டில், பட்டத்துக்கான புள்ளி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது இரண்டு முறை டபுள் ஃபால்ட் செய்தார், அதாவது இரண்டு சர்வீஸ்களையும் தவறவிட்டுப் புள்ளியை இழந்தார். நான்காவது வாய்ப்பில்தான் 9-7 என முடித்தார்.